மோட்டார் கொட்டகையில் என் குரல்

என் தம்பி தமிழரசன் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. தம்பிக்கே பாதி நேரம் அது தெரியாது என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதனால் என் கல்யாணம் கவிழப் பார்த்ததே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருநகரில் எங்கள் கழனியை ஒட்டி இருப்பது கூட்டுக் கிணறு. நாங்கள், குத்தகைக்குப் பயிர் வைக்கும் பெருமாள், மேல்பக்கம் கிருஷ்ணசாமி, ராஜாராம் மாமா, நாலு வீட்டுக்கும் அதில் பங்கு. ஒரே மோட்டார். ஆளுக்கொரு நாள் முறை. மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று எங்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது. வந்ததும் முறைக்காரர் ஓடிவந்து ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம் பார்ப்போம். ஆள் வரவில்லை என்றால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

இன்னொரு விதியும் உண்டு. பங்குக்காரர் தன் கையாலேதான் போட வேண்டும். மகன் வந்தான், மச்சான் வந்தான் என்று போட்டால் செல்லாது. ஒரு தடவை யாரோ ஒருவருடைய மச்சான் வந்து, வீரமாக ஸ்டார்ட்டரை அமுக்கி, மோட்டார் காயிலைக் கருக்கிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அப்படி. எங்கள் வீட்டில் அப்பா இல்லை, பங்கு அம்மா பெயரில். அதனால் அம்மாதான் ஓடுவார்.

இந்த இரண்டு விதியிலும் மாட்டிக்கொண்டு அடிபட்டவர் ராஜாராம் மாமா. சொந்தம் இல்லை, மரியாதைக்கு மாமா. இருப்பது மானாம்பதியில். தாய்வழியில் வந்த நிலம் எங்கள் கிணற்றுப் பாசனத்தில் மாட்டியிருந்தது. மனிதர் தங்கமானவர், தூக்கம்தான் பொல்லாதது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியிலேயே தூங்குவார், பைக்கில் சாய்ந்தால் பைக்கிலேயே தூங்குவார். கரண்ட் வந்த சேதியை யாராவது போனில் சொன்னால், "தோ, வந்துக்கினே கீறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார். அவர் கழனி நெல் எங்கள் நெல்லைவிட ஒரு சாண் குட்டையாக, கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி நிற்கும்.

என் தம்பி ஏனாத்தூரில் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் பிறப்பதற்கு முன்னால் யாரோ பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிவைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்டுகளைச் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவனுக்கு வேலை. அந்தப் பாசத்தில் வீட்டுக்கும் பெர்லிலேயே ஒன்று எழுதினான். கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, மோட்டார் கொட்டகையில் வைத்து, மோட்டார் லைனிலேயே சொருகினான். கரண்ட் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ளும். எழுந்ததும் ஸ்கிரிப்ட் ஓடும். அது முறைக்காரருக்கு முதலிலும், மற்றவர்களுக்கு வரிசையாகப் பிறகும் போன் போட்டு, 'குரல்' என்ற ஃபைலில் பதிந்திருப்பதைக் காதில் ஓதும். யோசனை நல்ல யோசனைதான். அதை நான் மறுக்கவில்லை.

குரல் கொடுத்தது தம்பியே. "வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துள்ளது. தாங்கள் அன்புகூர்ந்து மோட்டாரை இயக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நன்றி." இதைப் பேசிப் பதிவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்தான். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு தோற்றது போங்கள்.

ஆனால் அதற்கு முந்தின வாரம் ஒன்று நடந்தது. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஆன் செய்துவிட்டு, இந்த மகாராசன் கீபோர்டின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டான். நான் கொட்டகைக்குக் காலை நாஷ்டா எடுத்துக்கொண்டு போனேன். கரண்ட் வந்து கிடக்கிறது, அன்றைக்கு எங்கள் முறை, அம்மா சந்தைக்குப் போயிருக்கிறார், போன் போட்டு அம்மாவை வரவழைக்க வேண்டியவன் குறட்டை விடுகிறான். எனக்கு வந்ததே கோபம்.

"டேய் சோம்பேறி! சூரியன் உச்சிக்கு வந்தாச்சி, இன்னும் கொறட்ட வுட்டுக்கினு கீற! வெக்கமா இல்ல? பயிரு காயுது, உனுக்கு தூக்கம் கேக்குதா? எயுந்திரு! எயுந்து மோட்டாரப் போடுற வழியப் பாரு!"

மைக் நன்றாகவே வேலை செய்தது. அந்தப் பதிவையும் 'குரல்' என்ற பெயரிலேயே வேறொரு ஃபோல்டரில் சேமித்துவைத்தான். எனக்கு அது தெரியாது.

இப்போது கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். ராஜாராம் மாமாவின் மகன் சுகுமார். உத்திரமேரூரில் டிராக்டர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். நானும் உத்திரமேரூரில்தான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறேன். பி.சி.ஏ. படித்தவள். ஒரு நாள் மழைக்குப் பிறகு என் ஸ்கூட்டி வண்டிப்பாதைச் சேற்றில் மாட்டிக்கொண்டது. நம் ஊரில் இப்படி ஆனால் பத்து ஆண்கள் வருவார்கள், பத்துப் பேரும் "நீ எறங்கும்மா, நான் ஓட்றேன்" என்பார்கள். இவர் வந்தார். ஒரு கை வைக்கோல் எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். "இப்ப மெதுவா குடுங்க, வந்துரும்" என்றார். வந்துவிட்டது. அவ்வளவுதான். நான் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவருக்கும் சம்மதம். மாமாவுக்கும் ஆட்சேபம் இல்லை, விழித்திருந்த நேரத்தில் கேட்டுச் சொன்னார்கள். சுகுமாரின் அம்மா மலர்க்கொடி அத்தைதான் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார். பெண் அமைதியாக இருக்க வேண்டும், அதிர்ந்து பேசக் கூடாது.

என் அம்மா பாஞ்சாலி, வாய் கூசாமல், "எம் பொண்ணா? பக்கத்துல குந்துனு கீற ஆளுக்கே அது பேசறது கேக்காது" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. அம்மா எனக்கு மெதுவாகப் பேசப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்பதைக்கூடக் காதோடு காதாகத்தான் சொல்ல வேண்டும்.

தம்பி கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டி, திங்கட்கிழமையிலிருந்து தானாக ஓடும்படி செய்தான். அன்றைக்கு முறை ராஜாராம் மாமாவுக்கு.

காலையில் நான் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் போன் அடித்தது. அம்மா எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். போட்டார்.

"டேய் சோம்பேறி! சூரியன் உச்சிக்கு வந்தாச்சி, இன்னும் கொறட்ட வுட்டுக்கினு கீற! வெக்கமா இல்ல?"

அம்மா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரடி டேய்ன்ற? பெத்தவளையா?"

"நான் இல்லம்மா! நான் இங்க வண்டி தொடச்சிக்கினு கீறேன்!"

"எயுந்திரு! எயுந்து மோட்டாரப் போடுற வழியப் பாரு!" என்றது போன்.

நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். வழியிலேயே பெருமாளின் பெண்சாதி அம்முலு அக்கா எதிரில் வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"இன்னா கல்பனா, எங்க வூட்டுக்காரர இந்தக் கியி கியிச்சிட்ட? பல்லு வெளக்கிக்கினு இருந்த மனுசன் அப்டியே நுரையோட ஓடிப்போய் நிக்கறாரு. மொறை அவுருதுகூட இல்ல!"

கிணற்றடியில் இன்னும் பெரிய அதிசயம் காத்திருந்தது. ராஜாராம் மாமா நின்றுகொண்டிருந்தார். மானாம்பதியிலிருந்து பைக்கில், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, டீ நேரம் முடிவதற்குள் வந்து சேர்ந்து மோட்டாரைப் போட்டிருந்தார். அப்படி ஒரு காட்சியை அந்தக் கிணறு பார்த்ததே இல்லை. அவர் கழனிக்குத் தண்ணீர் பாய்ந்தது. என்னைக் கண்டதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார்.

முதல் போன் அவருக்குத்தான் போயிருக்கும். வரப்போகிற மாமனாரை டேய் சோம்பேறி என்று கூப்பிட்ட மருமகள் இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன். அவர் வீட்டுக்குப் போய் மலர்க்கொடி அத்தையிடம் என்ன சொல்வார்?

தம்பி அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. அவன் காதைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனேன்.

"நான் ஓட்னா ஒயுங்காதான் ஓடுது, தோ பாரு" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டருக்குள் போய், என் நம்பரை மட்டும் கொடுத்து அதை ஓட்டினான். என் போன் அடித்தது. "வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துள்ளது." ரயில்வே ஸ்டேஷனேதான்.

"பாத்தியா? எந்தக் கோளாறும் இல்ல."

"அப்ப காலைல பேசனது பேயா?"

"பேயா இருந்தாலும் இருக்கும்" என்றான். அவன் முகத்தில் கேலிகூட இல்லை. எழுதினவன் ஓட்டினால் மட்டும் ஒழுங்காக ஓடுவதைத்தான் இவர்கள் டெஸ்டிங் என்கிறார்கள்.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு அவனே கண்டுபிடித்தான். ஸ்கிரிப்டில் வெறுமனே 'குரல் ஃபைலைத் திற' என்று எழுதியிருந்தான். எந்த ஃபோல்டரில் இருக்கிற குரல் என்று எழுதவில்லை. பானையில் சோறு இருக்கிறது, போட்டுக்கொள் என்று சொல்வதைப் போல இது. நம் வீட்டில் நின்று கேட்டால் நம் சோறு, அடுத்த வீட்டில் நின்று கேட்டால் அடுத்த வீட்டுச் சோறு. இவன் கையால் ஓட்டும்போது ஸ்கிரிப்டின் ஃபோல்டருக்குள் போய் நின்று ஓட்டுகிறான், அங்கே இருப்பது இவன் குரல். கரண்ட் வந்து கம்ப்யூட்டர் தானாக ஓட்டும்போது அது வெளியே, வாசல் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டுகிறது. அங்கே இருப்பது என் குரல்.

"எங் கொரல் அங்க இன்னாத்துக்குடா கீது?"

"டெஸ்ட் பண்ண வெச்சிருந்தேன்."

"அழி அத்த!"

"அது தப்புக்கா. கோளாறு எங்கனு கண்டுபுடிக்காம ஃபைல அழிச்சா, அது வேற எடத்துல போய் மொளைக்கும். ஸ்கிரிப்டு தான் எங்க கீறோம்னு தானே தெரிஞ்சிக்கணும். அப்பறம் தன் வூட்லயே கொரல எடுத்துக்கும். அதுக்கு பெர்லுல ஃபைண்ட்பின்னு ஒண்ணு கீது. ஒரே வரி. பேஜாரே இல்ல."

ஒரு வரியைச் சேர்த்தான். ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டரின் முழு விலாசமும் இனி அதற்கே தெரிந்துவிடுமாம். ஃபோல்டருக்குள் நின்று ஓட்டிக் காட்டினான், வெளியே நின்றும் ஓட்டிக் காட்டினான். இரண்டு தடவையும் ரயில்வே ஸ்டேஷன். நானும் நம்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் முறை கிருஷ்ணசாமிக்கு. ஆனால் போன் வரிசையாக எல்லாருக்கும் போகுமே. எங்கள் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த நேரம், அம்மாவின் ஸ்பீக்கரில் மறுபடியும் நான்.

"டேய் சோம்பேறி!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "போச்சி. எல்லாம் போச்சி. நேத்துதான் தூக்கத்துல கேட்டிருப்பாரு, மறந்துருப்பாருன்னு நெனச்சேன். இன்னைக்கும் கேட்டுட்டாரே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

மாமா அன்றைக்கும் வந்துவிட்டார். முறை இல்லாமலே. வெளியே வந்து பார்த்தேன். கிணற்றடியில் நின்று எங்கள் வீட்டுப் பக்கமாக ஒரு பார்வை பார்த்தார். நீளமான பார்வை. பிறகு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது. சுகுமாருக்கு போன் செய்து கேட்கலாம் என்று எடுத்தேன், கேட்க வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன்.

அதற்கு மேல் தம்பியை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். அவன் கம்பெனிக்குப் போனதும் சென்டருக்கு லீவு சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். கரண்ட் இருந்தது. எலுமிச்சம்பழத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவன் செய்திருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சோம்பேறித்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா? கம்ப்யூட்டர் எழுந்ததும் ஓட்டுவதற்கு ஸ்கிரிப்டின் முழு விலாசத்தை எழுதச் சலித்துக்கொண்டு, வாசல் ஃபோல்டரில் அதற்கு ஒரு லிங்க் போட்டு வைத்திருந்தான். ஸ்கிரிப்ட் உள்ளே எங்கோ இருக்கும், அதைக் கூப்பிடுகிற பெயர் மட்டும் வாசலில் இருக்கும். காலையில் கம்ப்யூட்டர் கூப்பிடுவது அந்தப் பெயரை. நேற்று இவன் ஓட்டிக் காட்டியபோதெல்லாம் அசலையே நேராகக் கூப்பிட்டிருக்கிறான். அவன் சேர்த்த வரியோ, எந்த இடத்திலிருந்து கூப்பிட்டார்களோ அந்த இடத்தையே தன் ஊர் என்று சொல்லும். பெருநகர்க்காரன் மானாம்பதியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, எந்த ஊர் என்று கேட்டால் மானாம்பதி என்று சொன்ன கதை. அதனால் அது மறுபடி வாசலிலேயே தேடி, மறுபடி என்னையே எடுத்திருக்கிறது.

அந்த ஃபைண்ட்பின்னுக்கான விளக்கம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. இரண்டு பக்கம் இருக்கும். படித்தேன். என் தம்பி அதைப் படித்ததில்லை என்பதற்கு நான் எந்தக் கோயிலிலும் சூடம் அணைப்பேன். அதில் தெளிவாகச் சொல்லியிருந்தது, ரியல்பின் என்று இன்னொன்று உண்டு, அது லிங்க் எல்லாவற்றையும் தாண்டிப் போய் ஸ்கிரிப்ட் உண்மையில் குடியிருக்கிற ஃபோல்டரின் முழு விலாசத்தைத் தரும் என்று. ஒரு சொல்லை மாற்றினேன். வாசலிலிருந்து லிங்க் வழியாக ஓட்டினேன். "வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துள்ளது." கம்ப்யூட்டரை அணைத்து, திரும்ப எழுப்பி, தானாக ஓட விட்டும் பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷன். அதோடு விடுவேனா? என் குரல் ஃபைலைத் தேடிப் பிடித்து அழித்தேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் எல்லாப் போனிலும் தம்பி அன்புகூர்ந்து கேட்டுக்கொண்டான். எனக்கு மனசு நிறைந்துபோனது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றுகூட நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மலர்க்கொடி அத்தை, சுகுமார், மாமா. கேசரி, பஜ்ஜி, காபி. நான் பட்டுப்புடவையில். அம்மா என் பின்னாலேயே நின்று, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் முதுகில் ஒரு விரலால் குத்திச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா படிச்சிருக்கேம்மா?"

"பி.சி.ஏ. அத்த."

"ஆ? கேக்கலம்மா."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேசரியைத் தொடவில்லை. கடைசியில் தம்பியைப் பார்த்து, "இன்னா தம்பி, போன்ல ஒரு பொண்ணு பேசிக்கினு இருந்துச்சே, அது இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

நான் பஜ்ஜித் தட்டை எடுத்துத் தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"அது கம்பூட்டரு கோளாறுங்க" என்று அம்மா முந்திக்கொண்டார். "யாரோ ஊரு பேரு தெரியாத பொண்ணு. எடுத்தாச்சி. இனிமே வராது."

"எடுத்தாச்சா?" என்றார் மாமா. அவ்வளவுதான். காபியைக் குடித்து முடித்தார், நாற்காலியில் சாய்ந்தார், தூங்கிவிட்டார்.

அத்தை தாம்பாளத்தைத் தன் பக்கம் நகர்த்தியபோது மாமாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. தூக்கத்திலேயே எடுத்தார். விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. "வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துள்ளது. தாங்கள் அன்புகூர்ந்து" என்று தம்பி ஆரம்பித்தான். மாமா "ம்ம்" என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார். அன்றைக்கு அவர் முறை.

"ஏங்க, கரண்டு வந்துடுச்சாம், ஏங்க" என்று அத்தை தோளை உலுக்கினார்.

"தோ, வந்துக்கினே கீறேன்."

சுகுமார் எழுந்தார். உடனே உட்கார்ந்தார். அவர் போய்ப் போட்டால் செல்லாதே. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கிருஷ்ணசாமி தோளில் துண்டோடு கிணற்றை நோக்கிச் சாவகாசமாக நடந்துகொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியும், டீ நேரம் முடிந்தால் முறை தனக்கு என்று. அவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் கழனி. இலை நுனியெல்லாம் பழுத்துப்போயிருந்தது. பால் பிடிக்கிற பருவத்துப் பயிர், இன்றைக்குத் தண்ணீர் இல்லையென்றால் பதராகிவிடும்.

"மாமா" என்றேன், பயிற்சி பெற்ற குரலில். கொசுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமா" என்றேன் மறுபடி. அம்மாவின் விரல் முதுகில் குத்தியது.

கிருஷ்ணசாமி வரப்பு திரும்பிவிட்டார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அந்தப் பயிரைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்க என்னால் முடியவில்லை.

"எயுந்திரு மாமா! பயிரு காயுது, உனுக்கு தூக்கம் கேக்குதா? வெக்கமா இல்ல? மொறைய வுட்டுட்டு கொறட்ட வுட்டுக்கினு கீற! எயுந்து போய் மோட்டாரப் போடு!"

மாமா நாற்காலியிலிருந்து கிளம்பிய வேகத்தில் நாற்காலியே விழுந்தது. கண்ணைத் திறந்தாரா என்பதுகூடச் சந்தேகம். வாசலில் கிடந்த தம்பியின் செருப்பில் ஒன்றையும் தன் செருப்பில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வரப்பில் ஓடினார். கிருஷ்ணசாமி ஒதுங்கி வழிவிட்டார். சற்று நேரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுகுமாரைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

மலர்க்கொடி அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீதானா அது?"

நான் தலையை ஆட்டினேன்.

"கல்யாணம் ஆன நாளா நானும் கத்திக்கினு கீறேம்மா. ஒரு நாளு எயுந்து ஓடியிருப்பாரா இந்த மனுசன்? திங்கக்கெயம போன காதுல வெச்சாரு, எகிறிக் குதிச்சி ஓடனாரு. ஏதோ சாவு சேதின்னு நெனச்சி நாங்க அயுதுட்டோம். மறுநாளும் ஓடனாரு. அப்பறம் இன்னா ஆச்சோ, அந்தக் கொரலு வரல. படுத்துட்டாரு. கேட்டா, 'அந்தப் பொண்ணு கூப்புடலியே'ன்றாரு." பெருமூச்சு விட்டார். "அதிர்ந்து பேசாத பொண்ணு வேணும்னு கேட்டவ நாந்தான். எதுக்குக் கேட்டேன்னு எனக்கே வெளங்கல."

மாமா முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார். முகம் இப்போது பிரகாசமாக இருந்தது. கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தக் கொரல எடுத்துட்டு இந்த வணக்கம் போட்றவன வெச்சது யாரு?" என்று கேட்டார்.

தம்பி ஒரு நொடிகூட யோசிக்காமல் என்னைக் கை காட்டினான்.

"திருப்பிப் போடும்மா" என்றார் மாமா. "உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"நான் அழிச்சிட்டேன் மாமா" என்றேன். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"எங்கிட்ட இன்னொண்ணு கீதுக்கா" என்றான் தம்பி. "டெஸ்ட் ஃபைல எவனாவது ஒண்ணே ஒண்ணு வெப்பானா?"

அன்றைக்கே அவனை அடித்திருப்பேன். பட்டுப்புடவையால் பிழைத்தான்.

என் குரல் இந்தத் தடவை ஸ்கிரிப்ட் குடியிருக்கிற ஃபோல்டரிலேயே முறைப்படி குடியேறியது. எங்கிருந்து கூப்பிட்டாலும் ஸ்கிரிப்ட் தன் வீட்டைக் கண்டுபிடித்து என்னையே எடுத்தது. மாமாவின் நெல் தலை நிமிர்ந்தது. கிணற்றுக்காரர்கள் எல்லாரும் முறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடிந்ததும் எழுந்துகொண்டார்கள். அம்முலு அக்கா, "உன்னோட அத்தையால ஒரு ஆள எயுப்ப முடியல, நீ ஊரையே எயுப்பற" என்று போகிற வருகிற இடமெல்லாம் சொன்னார்.

கல்யாணம் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்தது. அன்றைக்காவது அதிர்ந்து பேசாதே என்று அம்மா என் கையில் சத்தியம் வாங்கியிருந்தார். மாலையும் கழுத்துமாகக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். ஐயர் தாலித் தட்டைச் சுற்றி அனுப்பினார். அந்த நேரம் பார்த்து முதலில் மாமாவின் பையில் போன் அடித்தது. அப்புறம் பெருமாள். அப்புறம் கிருஷ்ணசாமி. வரிசை வரிசையாக, எல்லாம் ஸ்பீக்கரில்.

"டேய் சோம்பேறி! சூரியன் உச்சிக்கு வந்தாச்சி!"

நாதஸ்வரம் நின்றது. முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மாமா மணவறையிலிருந்து குதித்து, பட்டு அங்கவஸ்திரம் பறக்க, ஓடிப்போனார். அன்றைக்கும் அவர் முறைதான். என் பக்கத்தில் சுகுமாரும் பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். நான் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"உங்கள இல்ல, குந்துங்க" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தெரியும்" என்று உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் போய்விடும் என்றார். மலர்க்கொடி அத்தை, "இருங்க சாமி, தண்ணி மடைய தொடட்டும்" என்றார். கெட்டிமேளம் காத்திருந்தது. தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டதும் தாலி கட்டினார்கள். மாமா வரப்புச் சேற்றோடு வந்து சேர்ந்து, கை நிறைய அட்சதை அள்ளிப் போட்டார். அரிசியோடு ஒரு உருண்டை சேறும் என் உச்சந்தலையில் வந்து விழுந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன், அதோடு அன்றைக்கு நான் பேச வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது.